கங்கைத் தலாவும் எங்கள் தேயிலை மலையும்



கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் நம்மவர்க்குக் கோவில்கள் உண்டு. தீர்த்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரு குளமும் இல்லை. மூர்த்தி, தலம், தீர்த்தம் என மூன்றையும் ஒருசேர வைத்து எண்ணுவது தமிழர் சமய மரபு. இம்மலையில் முதலிரண்டும் நன்றாகவே அமைந்தன. மூன்றாவதற்குத் தோட்டத்து ஓடையே துணை. மாரியம்மன் திருவிழாவின்போது அவ்வோடைக்கரையில் கரகம் சோடித்து, உடுக்கை ஒலிக்க எடுத்து வருவர். மறுநாள் அது மீண்டும் வெறும் ஓடைதான்.

"ரிங்லெட்டில் பெரிய ஏரி இருக்கிறதே?" என்று கேட்போர் உளர். சாலையோரத்தில் நீண்டு கிடக்கும் அந்த நீர்ப்பரப்பு இயற்கையாய் அமைந்த ஏரி அன்று. மின்னாற்றல் திட்டத்திற்காக 1960-களின் தொடக்கத்தில் பெர்த்தாம் ஆற்றை மறித்துக் கட்டிய சுல்தான் அபு பாக்கார் அணையின் நீர்த்தேக்கம் அது. மலைச்சரிவுகளைக் காய்கறித் தோட்டங்களுக்காக வெட்டித் திறந்ததனால் வந்து சேரும் மண் அதனை ஆண்டுதோறும் தூர்த்து வருகிறது. மழை பெய்துவிட்டால் நீர் தேநீரின் நிறத்திற்கு மாறிவிடும். 2013 அக்டோபரில் ஓர் இரவு கனமழையினால் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது, கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்ச்சேதம் ஏற்பட்டதை இம்மலைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஏரியை நாம் அஞ்சுகிறோம், படம் பிடிக்கிறோம், அதன் கரையில் விளக்கேற்றத் தோன்றுவதில்லை.

ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி வகுப்பில் கேட்ட வினாவே இக்கட்டுரைக்கு வித்து. "கதையில் வருகிற குளமெல்லாம் இந்தியாவில்தான் இருக்கிறது. வெளிநாட்டுக்குப் போன தமிழர்களுக்குக் கங்கை கிடையாதா, ஐயா?" என்றாள். இராமாயணக் கதையிலும் பாரதக் கதையிலும் வரும் இடங்களை நாம் வரைபடத்தில் காட்டும்போதெல்லாம் விரல் இந்தியாவைவிட்டு நகர்வதில்லை. அதிகம் போனால் இலங்கை வரை செல்லும். அக்குழந்தையின் வினா நியாயமானது. அதற்குரிய மறுமொழி மலேசியாவில் இல்லை. இந்தியப் பெருங்கடலின் மறுகரையில், மொரிசியஸ் தீவில் இருக்கிறது. 2019 டிசம்பர்ப் பள்ளி விடுமுறையில் அங்குச் செல்லும் வாய்ப்பு வாய்த்தது. கண்டதையும், அதற்கு முன்னும் பின்னும் படித்தறிந்ததையும் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் பயன்படும் வகையில் இங்கே எழுதி வைக்கிறேன்.

தீவின் தெற்கே, சவான் மாவட்டத்தின் மேட்டுநிலத்தில் அவ்வேரி இருக்கிறது. பிரெஞ்சு மொழியில் 'கிராண்ட் பசான்' என்பது அதன் பழைய பெயர். மக்கள் வழங்கும் பெயர் 'கங்கா தலாவ்'. தலாவ் எனின் ஏரி. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 550 மீட்டர் உயரம். எங்கள் தானா ராத்தாவின் உயரத்தில் பாதிகூட இல்லை. ஆயினும் அங்கும் காற்றில் குளிர் இருந்தது. பிற்பகலில் மூடுபனி இறங்கியது. ஏரிக்குப் போகும் வழியில் கண்ட காட்சிதான் என்னைத் திடுக்கிடச் செய்தது. சாலையின் இருபுறமும் தேயிலை! இடுப்பளவு உயரத்தில் மட்டமாக வெட்டிவிடப்பட்ட செடிகள், இடையிடையே பறிப்போர் நடக்கும் தடங்கள். புவா ஷெரி எனும் அத்தோட்டம் 1892-இல் தொடங்கப்பட்டது. கேமரன் மலையில் போ தோட்டம் உருவானது 1929-இல். அதாவது, எங்கள் மலையில் முதற்செடி ஊன்றப்படுவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் முன்னதாகவே அங்குத் தேயிலை வந்துவிட்டது. அங்குள்ளோர் தேநீரில் வெனிலா மணம் சேர்த்துக் குடிக்கின்றனர். நமக்கு அது ஒத்துவராது. ஒருமுறை சுவைத்துப் பார்க்கலாம், அவ்வளவே.

தேயிலையைக் கடந்ததும் சாலையோரத்தில் 33 மீட்டர் உயரச் சிவபெருமான் சிலை நிற்கிறது. மங்கள மகாதேவர் எனப் பெயரிட்டு 2007-இல் திறந்து வைத்தனர். எதிரே அதே உயரத்தில் துர்க்கையின் சிலை. இது 2017-இல் எழுந்தது. நம் பத்துமலை முருகன் சிலை 2006-இல் எழுந்ததை இங்கு நினைவுகூரலாம். கடல் கடந்து வாழும் இந்தியர்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் வானளாவிய சிலைகளை எழுப்பியிருக்கிறார்கள் என்பது சிந்திக்கத்தக்கது. இச்சிலைகள் எனக்குப் பெரிதாகப் படவில்லை. நான் காணச் சென்றது அவற்றுக்கு அப்பால் உள்ள நீரை.

ஏரி சிறியது. எரிமலை வாயில் மழைநீர் தேங்கி உண்டானது. கரையைச் சுற்றிக் கோவில்கள். படிக்கட்டுகள் நீருக்குள் இறங்குகின்றன. நீரின் விளிம்பில் சிறு சிறு தெய்வத் திருவுருவங்கள் நிற்க, பக்தர்கள் அவற்றின் காலடியில் மலரும் பழமும் வைக்கின்றனர். குரங்குகள் அப்பழங்களுக்காகவே காத்திருக்கின்றன. படியில் நின்று பார்த்தால் மீன்களும், நல்ல பருமனுள்ள விலாங்குகளும் காலருகே வருகின்றன. பக்கத்துக் குன்றின்மேல் அனுமன் கோவில். அங்கிருந்து பார்த்தால் ஏரி முழுவதும் ஒரு தாம்பாளம்போல் தெரிகிறது.

இனி, இவ்வேரியின் கதைக்கு வருவோம். கங்கையைத் தலையில் தாங்கிய சிவபெருமான் உமையம்மையோடு உலகை வலம் வந்தாராம். கடல் நடுவே இத்தீவின் அழகில் மயங்கி இறங்க முற்பட்டபோது, சடைமுடியிலிருந்து சில துளிகள் தவறி எரிமலைப் பள்ளத்தில் விழுந்தன, அதுவே ஏரியாயிற்று. மனிதரே இல்லாத தீவில் தன் நீர் வீணாகிறதே எனக் கங்கை வருந்தினாள். அதற்கு இறைவன், "ஒரு காலத்தில் உன் கரையில் வாழ்வோர் இத்தீவில் வந்து குடியேறுவர், ஆண்டுதோறும் இந்நீரை எடுத்து எனக்குப் படைப்பர்" என மறுமொழி தந்தாராம்.

இக்கதையைக் கேட்டவுடன் மாணவர் சிரிக்கலாம். பெற்றோர் சிலர் கைகூப்பலாம். வரலாறு கற்பிப்போர் கவனிக்க வேண்டியது கதையின் பிற்பகுதியையே. கங்கைக்கரை மக்கள் கடல் கடந்து வருவர் என்னும் முன்னறிவிப்பு, அவர்கள் வந்த பின்னரே சொல்லப்பட்டிருக்க முடியும். அப்படியாயின் இக்கதையைக் கட்டியவர் யார்? கப்பலில் வந்த கூலிகள். தாங்கள் ஏன் அங்கு வந்தோம் என்னும் கேள்விக்கு, கரும்புத் தோட்ட முதலாளி தந்த மறுமொழி ஒன்று உண்டு: ஐந்தாண்டு ஒப்பந்தம், மாதக் கூலி, அரிசி, பருப்பு. அதை ஏற்க மறுத்த மனம் தனக்கென வேறொரு மறுமொழியை உண்டாக்கிக்கொண்டது. தங்களை இறைவன் ஒரு பணிக்காக வரவழைத்தான் என்பதே அது.

அவர்கள் வந்த கதை ஏட்டில் உள்ளது. 1834 நவம்பர் 2-ஆம் நாள், கல்கத்தாவிலிருந்து வந்த 'அட்லஸ்' எனும் கப்பலிலிருந்து 36 தொழிலாளர்கள் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் இறங்கினர். அடிமை முறை ஒழிக்கப்படவிருந்த காலம். கரும்பு வெட்ட ஆள் வேண்டியிருந்தது. அன்று தொடங்கி 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகள் வரை ஏறத்தாழ 5 இலட்சம் பேர் கல்கத்தா, சென்னை, பம்பாய்த் துறைமுகங்களிலிருந்து அத்தீவுக்குக் கொண்டுவரப்பட்டனர். பெரும்பாலோர் பீகார், போஜ்பூரி நிலப்பகுதியினர். தமிழரும் தெலுங்கரும் மராத்தியரும் கணிசமாக இருந்தனர். தமிழர்க்கு அத்தீவோடு உள்ள உறவு இன்னும் பழையது. பிரெஞ்சு ஆளுநர் லா பூர்தொனே காலத்திலேயே, அதாவது 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே, புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்கள் சென்றிருக்கின்றனர். கூலிகள் கரையேறிய படிக்கட்டு இன்றும் போர்ட் லூயிஸில் பாதுகாக்கப்படுகிறது. 'ஆப்ரவாசி காட்' எனப்படும் அவ்விடம் 2006-இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. மொரிசியஸ் செல்வோர் கடற்கரையில் செலவிடும் நேரத்தில் ஒரு மணியையாவது அங்குச் செலவிட வேண்டும்.

தொழிலாளிக்கு அத்தீவில் நடமாடும் உரிமையே இருக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்தவரும் ஒளிப்படம் ஒட்டிய அனுமதிச் சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். சீட்டின்றிச் சாலையில் அகப்பட்டால் நாடோடியெனச் சிறைப்படுத்தலாம். இக்கொடுமைகளை எதிர்த்து 1871-இல் 9,401 பேர் ஒப்பமிட்ட விண்ணப்பம் ஆளுநருக்குச் சென்றது; அதன் விளைவாக விசாரணைக் குழுவும் அமைந்தது. இதைவிடக் கொடிது 'இரட்டை வெட்டு' எனப்பட்ட கூலிப்பிடித்தம். ஒருநாள் வேலைக்கு வராதவருக்கு இரண்டு நாள் கூலி பிடிக்கப்படும். மலாயாத் தோட்டங்களில் நம் பாட்டன்மார் பட்ட பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்க்கு இது புதிதாய்த் தோன்றாது.

இப்பின்னணியில்தான் 1897-ஆம் ஆண்டை வைத்துப் பார்க்க வேண்டும். தீவின் வடபகுதியில் திரியோலே எனும் சிற்றூர். அவ்வூர்ப் பூசாரி ஜும்மன் கிரி கோசாய்ன் ஒரு கனவு கண்டார். தெற்கே காட்டுக்குள் இருக்கும் ஏரியின் நீர் சானவியிலிருந்து, அதாவது கங்கையிலிருந்து, ஊறி வருவதாக அக்கனவு. அக்காலத்தில் அவ்வேரியை மக்கள் 'பரி தலாவ்' என்றனர். தேவதைகளின் ஏரி என்று பொருள். கனவு ஊர் ஊராய்ப் பரவியது. மறு ஆண்டு, 1898-இல், திரியோலே மக்கள் சிலர் சிவராத்திரிக்காக ஏரியை நோக்கி நடந்தனர். வடக்கேயிருந்து தெற்கே, தீவை ஏறக்குறைய முழுமையாகக் கடக்கும் நடை. பாதை சரியாக இல்லாத காடு. ஏரி நீரைச் சொம்பில் எடுத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பி நடந்து, தம் ஊர்ச் சிவலிங்கத்திற்கு அந்நீரை ஆட்டினர்.

போகச் சில நாள், வரச் சில நாள். ஒவ்வொரு நாளுக்கும் இரு நாள் கூலி போகும் என அஞ்சி வாழ்ந்த மக்கள் கூட்டத்தில் இந்நடைக்கு என்ன விலை இருந்திருக்கும் என்பதை ஆசிரியர்கள் கணக்குப் பாடமாகவே கொடுக்கலாம். இறையன்பு என்னும் ஒற்றைச் சொல்லால் இதனை மூடிவிடுதல் கூடாது. சீட்டின்றி நடக்கக் கூடாதென விதிக்கப்பட்டோர் அத்தீவின் குறுக்கே நடந்து, அதன் நடுக்காட்டில் தமக்கென ஓரிடத்தைப் பெயரிட்டு எடுத்துக்கொண்டனர். ஒரு துண்டு நிலமும் சொந்தமில்லாதோரில் பலர்க்கு ஓர் ஏரி சொந்தமாயிற்று.

இன்று அந்நடை பெருகி, மகா சிவராத்திரிக் காலத்தில் இலட்சக்கணக்கானோர் அத்தீவின் சாலைகளில் நடக்கின்றனர். மொத்த மக்கள்தொகை 13 இலட்சத்தை எட்டாத நாட்டில் இஃது எத்தகைய பெருந்திரள் என்பதை எண்ணிப் பாருங்கள். வழியெங்கும் பந்தலிட்டு நடப்போர்க்கு உணவும் நீரும் தருகின்றனர். தோளில் 'கான்வர்' சுமந்து செல்வர். மூங்கிலில் கட்டி, காகிதமும் பூவும் கண்ணாடியும் வைத்து அலங்கரித்தது. கான்வர், காவடி இரண்டும் ஒலியிலும் பயனிலும் நெருங்கியவை. எது எதிலிருந்து வந்தது எனும் வழக்கிற்குள் நான் இறங்கவில்லை; தோளில் தண்டிட்டுச் சுமத்தலைக் குறிக்கும் 'கா' எனும் சொல் பழந்தமிழில் உண்டு என்பதை மட்டும் மாணவர்க்குச் சொல்லி வைக்கலாம். காலப்போக்கில் கான்வர்கள் மிகப் பெரிதாகிச் சக்கரம் வைத்த தேர்களாக மாறின. 2024 மார்ச் மாதம் அத்தகைய ஒன்று மின்கம்பியில் பட்டுத் தீப்பற்றியதில் ஆறு உயிர்கள் போயின. சொம்பு நீருக்காகத் தொடங்கிய நடை இது என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது. நம் தைப்பூசக் காவடிகளின் அளவைக் குறித்தும் இதே பேச்சு நம்மிடையே நடந்து வருவதை வாசகர் அறிவர்.

கனவின் அளவில் நின்ற கங்கை 1972-இல் உண்மையாகவே அங்கு வந்தது. இமயத்தில் கங்கை பிறக்கும் கோமுகியிலிருந்து நீர் கொண்டுவந்து அவ்வேரியில் ஊற்றினர். கங்கா தலாவ் என்னும் பெயர் அதன்பின் நிலைபெற்றது. அந்நாடு விடுதலை பெற்று அப்போது நான்கே ஆண்டுகள். 1998-இல் அது புனித ஏரியென அறிவிக்கப்பட்டது.

இதைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தவன் இராசேந்திர சோழன். கங்கைவரை படை செலுத்தி, ஏறத்தாழ 1023-இல் அந்நீரைத் தன் புதிய தலைநகர்க்குக் கொணர்வித்து, அங்கு வெட்டிய பேரேரிக்குச் சோழகங்கம் எனப் பெயரிட்டான். நீராலேயே ஆகிய வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு அதனைச் சிறப்பிக்கிறது. அடுத்த இரண்டே ஆண்டுகளில், 1025-ஐ ஒட்டி, அவன் கப்பற்படை கடாரத்திற்கு வந்தது. அக்கடாரமே நம் கெடா மாநிலம் என்பதை நம் மாணவர் அனைவரும் அறிவர். கடாரம் கொண்டதை மேடைதோறும் முழங்கும் நாம், அதே அரசன் கங்கையைப் பெயர்த்துக் கொண்டுவந்ததைக் குழந்தைகட்கு அவ்வளவாகச் சொல்வதில்லை. அவ்வேரி இன்று பொன்னேரி என வழங்குகிறது. அரசன் ஆணையால் கங்கையான ஏரி பெருந்திரள் தேடிச் செல்லும் தீர்த்தமாக நிலைக்கவில்லை. கூலிகள் நடந்து சென்ற ஏரி நிலைத்தது. இரண்டையும் ஒரே பாடத்தில் அடுத்தடுத்து வைத்துக் கற்பிக்கலாம் என்பது என் பரிந்துரை.

ஆக, கங்கையை வேறிடத்தில் காணுதல் தமிழர்க்குப் புதிதன்று. கும்பகோணம் மகாமகக் குளத்தில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கங்கை முதலிய ஒன்பது நதிகளும் நீராட வருவதாக நம்பிக்கை. 2016-இல் அங்கு மகாமகம் நடந்தது, அடுத்தது 2028-இல். நம் தோட்டத்துக் கோவிலில் குருக்கள் செம்பில் குழாய்நீரை நிரப்பிக் கங்கை, யமுனை, காவிரி என ஆறுகளைப் பெயர் சொல்லி அழைப்பதும் இதே கருத்தின் சிறு வடிவம்தான்.

பிறகு ஏன் மலேசியத் தமிழர்க்கு ஒரு கங்கா தலாவ் அமையவில்லை? என் எண்ணத்தைச் சொல்கிறேன். மாற்றுக் கருத்துடையோர் எழுதலாம். மொரிசியஸில் அக்கனவு பிறந்த அதே பத்தாண்டில்தான் மலாயாவில் பத்துமலை பிறந்தது. கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோவிலைத் தோற்றுவித்த தம்புசாமிப் பிள்ளை, வேலின் வடிவில் திறந்திருந்த குகைவாயிலைக் கண்டு 1891-இல் அங்கு முருகனை எழுந்தருளச் செய்தார். 1892 முதல் தைப்பூசம் நடந்து வருகிறது. கங்கைச் சமவெளியிலிருந்து போனவர் நீரைத் தேடினர். முருகனை வணங்கியவர் குன்றைத் தேடினர். பத்துமலையிலும் நீருக்கு இடம் உண்டு. காவடி எடுப்போர் பத்து ஆற்றில் நீராடிவிட்டே புறப்படுவர். ஆனால் ஆறு அங்குத் துணைமட்டும், குன்றே தலைமை. கடலோரத் தமிழர் மாசிமகத்தைக் கடலிலேயே கொண்டாடினர். பினாங்கு தெலுக் பகாங் சிங்கமுகக் காளியம்மன் கோவிலின் தெப்பத் திருவிழா இதற்குச் சான்று. இலங்கையில் நம்மைப் போன்றே தேயிலை பறித்த மலையகத் தமிழர்க்கோ, நுவரெலியாவை அடுத்த சீதா எலியவில் ஓர் ஓடையே புராணமாயிற்று. சீதை சிறைவைக்கப்பட்ட அசோகவனம் அதுவென நம்பி, ஓடைக்கரையில் சீதையம்மன் கோவில் எழுப்பி வழிபடுகின்றனர்.

கேமரன் மலைத் தமிழர்க்குக் காலமும் போதவில்லை. வில்லியம் கேமரன் இம்மலையை அளக்க வந்தது 1885-இல். சாலை தாப்பாவிலிருந்து மேலேறி முடிந்தது 1931-இல். தேயிலைக்காக நம்மவர் குடியேறியது அதனையொட்டி. 1938-இல் இந்திய அரசு தொழிலாளரை மலாயாவுக்கு அனுப்புவதைத் தடை செய்துவிட்டது. சில ஆண்டுகளில் சப்பானியர் வந்தனர். குன்றும் காடும் ஓடையும் பல்லாண்டுகளாகச் செமாய் மக்களின் வாழ்விடம்; அவற்றுக்கு அவர்கள் மொழியில் பெயர்களும் கதைகளும் ஏற்கெனவே உண்டு. மனிதரே வாழ்ந்திராத தீவு என்று மொரிசியஸ் கதை சொல்வது அத்தீவுக்குப் பொருந்தும், இம்மலைக்குப் பொருந்தாது. இதனையும் நம் குழந்தைகள் அறிய வேண்டும்.

மொரிசியஸில் என்னை மிகவும் வருத்தியது ஒன்றுண்டு. ஏரிக்கரையில் தமிழ் வழிவந்த பெரியவர் ஒருவரைச் சந்தித்தேன். நெற்றியில் திருநீறு. தைப்பூசத்தைப் பற்றிக் கேட்டதும் முகம் மலர்ந்தது. அங்கு அது பொது விடுமுறை நாள். கைப்பையிலிருந்து ஒரு சிறு பாட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். முருகன் பாடல்கள் முழுவதும் உரோமன் எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தன. ஒன்றைப் பாடவும் செய்தார், ராகம் பிசகவில்லை. பொருள் கேட்டேன். சிரித்துக்கொண்டே கையை விரித்தார். வீட்டில் பேசுவது கிரியோல். போஜ்பூரி பேசுவோரும் அவ்வாறே குறைந்து வருகின்றனர்.

அதே பெரியவர் தம் சட்டைப்பையிலிருந்து ஒரு பணத்தாளை எடுத்து, அதிலுள்ள தமிழ் எழுத்துகளைப் பெருமையோடு காட்டினார். மொரிசியஸ் ரூபாய்த் தாளில் ஆங்கிலத்திற்கு அடுத்துத் தமிழ், அதற்கடுத்து இந்தி என்பது நெடுநாளைய வரிசை. 1998-இல் புதிதாக வெளிவந்த தாள்களில் தமிழைப் பின்னுக்குத் தள்ளி அச்சிட்டுவிட்டனர். தமிழர் கிளர்ந்தெழுந்தனர், தாள்கள் திரும்பப் பெறப்பட்டன, பழைய வரிசை மீண்டது. ஏரி புனிதமென அறிவிக்கப்பட்ட அதே ஆண்டு! பணத்தாளில் தமிழின் இடத்தை விட்டுக்கொடுக்காத அச்சமூகத்தார் பலர் அத்தாளில் உள்ளதைப் படிக்க இயலாதவர்கள். சடங்கு நின்றுவிட்டது, மொழி போய்விட்டது என்று நான் எளிதில் எழுதிவிடலாம். எழுத மனம் வரவில்லை. அங்குப் பள்ளிகளில் தமிழ் விருப்பப் பாடமாக உள்ளது. அதைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் நாம் தாய்மொழி வகுப்பில் செய்வதைவிடக் கடினமான பணியைச் செய்கின்றனர். நமக்குத் தீர்த்தம் அமையவில்லை. தோட்டந்தோறும் ஒரு தமிழ்ப்பள்ளி அமைந்தது. இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால் நான் தயங்க மாட்டேன்.

ஆனால் ஒன்றில் அவர்கள் நம்மை விஞ்சிவிட்டனர். கனவு கண்ட பூசாரியின் பெயர் தெரிகிறது, ஆண்டு தெரிகிறது, முதலில் நடந்த ஊர் தெரிகிறது. கேமரன் மலையில் தோட்டத்தைத் தொடங்கிய துரைமார் பெயரும், அணையைக் கட்டிய ஆண்டும் அச்சில் உள்ளன. தோட்டத்துக் கோவிலுக்கு முதற்கல் நட்டவர் யார், கரகம் எடுக்க அந்த ஓடையைத் தேர்ந்தவர் யார் என்பதெல்லாம் முதியோர் சிலரின் நினைவில் மட்டுமே தங்கியிருக்கின்றன. லயத்து வீடுகள் பலவற்றில் இப்போது வங்காளதேசத்தினரும் நேப்பாளத்தினரும் இந்தோனேசியரும் குடியிருக்கின்றனர். நம் பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டனர். அம்முதியோரும் மகன் வீட்டோடு, மகள் வீட்டோடு மலையிறங்கி வருகின்றனர்.

எனவே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய திருவிழா அழைப்பிதழ், கோவில் நன்கொடைச் சீட்டு, கரக ஊர்வல ஒளிப்படம், தோட்டத்தில் வழங்கிய வேலைச் சீட்டு எதுவாயினும் இருந்தால் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள். பள்ளியில் படியெடுத்துக்கொண்டு மூலத்தை அவ்வாரமே திருப்பித் தந்துவிடுவோம். ஒளிப்படமாயின் பின்புறத்தில் பென்சிலால் ஆண்டையும் தோட்டப் பிரிவின் பெயரையும் எழுதி அனுப்புதல் நலம்; மைப்பேனா படத்தைக் கெடுத்துவிடும்.